எஸ்பிரி2349-56: 10⁵⁴ யூல் எங்கிருந்து வந்தது? ஓர் இளங்கொத்தின் நிகழ்வு ஆய்வு

பெருவெடிப்புக்கு 140 கோடி ஆண்டுகளுக்குப் பின், அதாவது செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு) 4.3 இல், ஒரு விண்மீன் மண்டலக் கொத்து உருவாகிக்கொண்டிருக்கிறது. பெயர் எஸ்பிரி2349-56. அதன் நடுவில் சூடான வாயு இருப்பதைச் சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை பதிவு செய்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தவர் தலைமையிலான குழு முடிவை 2026 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியிட்டது. வாயுவில் அடங்கிய வெப்பசக்தி ஏறத்தாழ 10⁵⁴ யூல். ஈர்ப்பில் விழுந்து, மோதி, அடங்கிய வாயுவிடம் இருக்கக்கூடிய சக்தியைப் போல இது ஏறத்தாழப் பத்து மடங்கு என்பது குழுவின் கணிப்பு. மிகுதிச் சக்தியை யார் கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பவர்கள், கற்பிப்பவர்கள், கோணேசபுரி வளாகத்தில் விஞ்ஞானம் பயில்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இது எழுதப்படுகிறது. அமுக்கம், கனவளவு, அகச்சக்தி, வலு என்று பாடத்தில் வரும் கணியங்களே இங்கும் வருகின்றன. அடுக்குகள் மட்டும் பெரியவை.

இடமும் உறுப்புகளும்

இந்தக் கொத்து தென் வானில், சாய்வு (வானத்தின் அகலக்கோடு) −56.6 பாகையில் இருக்கிறது. திருகோணமலையின் அகலக்கோடு 8.6 பாகை வடக்கு. ஆகவே உச்சிக்கோட்டைக் கடக்கும்போது தெற்கு அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 25 பாகை உயரத்தில் நிற்கும். நவம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் கோணேசர் கோவில் மலையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு மேலே, மூதூர்ப் பக்கம் பார்த்தால் திசை சரி. அடையாளத்துக்கு அகர்ணார் விண்மீன் இருக்கிறது. அதன் சாய்வும் கிட்டத்தட்ட இதேதான். கொத்து கடந்து ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அதே பாதையில் வரும். கொத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் வாடைக்காற்றோடு மழை இறங்கிவிடுவதால் அகர்ணாரே தெரிந்தால் அதிர்ஷ்டம்.

தென்துருவத் தொலைநோக்கியின் வான் கணக்கெடுப்பில் ஒரு பிரகாசமான புள்ளியாகத்தான் இது முதலில் அகப்பட்டது. அந்தப் புள்ளிக்குள் 14 மண்டலங்கள் நெருங்கிக் கிடப்பதை 2018 இல் அல்மா பிரித்துக் காட்டியது. இன்றைய கணக்கில், ஏறத்தாழ 3 இலட்சம் ஒளியாண்டு அகலமுள்ள நடுப்பகுதியில் தூசி நிறைந்த, விண்மீன்களை வேகமாக ஆக்கும் மண்டலங்கள் குறைந்தது 30 உள்ளன. அவற்றோடு வானொலி அலைகளில் வலுவாக ஒளிரும் உயிர்ப்புள்ள கருந்துளைகள் 3. ஆண்டுதோறும் பல ஆயிரம் சூரியத் திணிவு அளவில் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. குளிர்ந்த மூலக்கூற்று வாயுவும் ஏராளம். குளிர்ந்த வாயு இவ்வளவு இருக்கும் இடத்தில் இவ்வளவு சூடான வாயுவும் இருப்பதுதான் முதல் முரண்.

எதை அளந்தார்கள்

செய்திகளில் "எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கு சூடு" என்று வந்தது. கருவி வெப்பநிலையை அளக்கவில்லை. அளந்தது அமுக்கத்தை, இன்னும் சரியாகச் சொன்னால், பார்வைக்கோட்டு வழியே கூட்டிய இலத்திரன் அமுக்கத்தை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் அதன் பிறகு போடும் கணக்கெல்லாம் வழுக்கும்.

முறை 1970களின் தொடக்கத்தில் சன்யாயெவும் செல்டோவிச்சும் முன்வைத்தது. 2.725 கெல்வின் அண்ட நுண்ணலைப் பின்னணியின் போட்டன்கள் சூடான வாயுவுக்குள்ளால் வரும்போது சில இலத்திரன்களில் மோதிச் சக்தி கூடி வெளியேறும். ஒரு பெரிய கொத்தில்கூட நூற்றில் ஒரு போட்டனே மோதும். ஆனால் மோதியவை ஏறத்தாழ 217 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுக்குக் கீழிருந்து மேலே தள்ளப்படுவதால், கீழ் மீடிறன்களில் அந்தத் திசை மட்டும் பின்னணியைவிட மங்கலாகத் தெரியும். வரைபடத்தில் அது ஒரு குழி. நன்கு வளர்ந்த பெரிய கொத்துகளில் குழியின் ஆழம் சில நூறு மைக்குரோகெல்வின்.

எக்ஸ் கதிரை விட்டு இதைப் பிடித்ததற்குக் காரணம் தூரம். பரப்பொளிர்வு, செம்பெயர்ச்சியோடு 1 ஐக் கூட்டி வரும் எண்ணின் நான்காம் அடுக்கில் மங்கும், 5.3 இன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 790. சன்யாயெவ்–செல்டோவிச் குழி அப்படி மங்குவதில்லை, ஏனென்றால் ஒளிமூலம் வாயு அல்ல, எங்கும் நிறைந்த பின்னணி. அப்படியிருந்தும் செம்பெயர்ச்சி 2 அளவிலோ அதற்கு அப்பாலோ இதற்கு முன் மூன்றே மூன்று கொத்துகளில்தான் குழி காணப்பட்டிருந்தது.

அல்மா 5,000 மீற்றர் உயரச் சமவெளியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. மில்லிமீற்றர் அலைகளை நீராவி விழுங்கும். நம் கரையோரத்தில் புழுக்கமான நாளொன்றில் தலைக்கு மேலுள்ள நீராவியை எல்லாம் ஒடுக்கித் தண்ணீராக்கினால் 50 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். அங்கே சாதாரணமாக 1 மில்லிமீற்றர். இந்த வேலையை இங்கிருந்து செய்ய வழியே இல்லை. ஆனால் தரவை வைத்துக் கணக்குப் போட இங்கிருந்தே முடியும்.

தரவில் குழியைத் தேடும்போது எங்கே பிழைக்கும்

அல்மாவின் தரவுகள், அவதானித்தவர்களுக்கான தனியுரிமைக் காலம் முடிந்ததும் பொதுக் காப்பகத்தில் திறக்கப்படும். அளவீட்டுத் தொகுதியை முழுதாக இறக்கினால் பத்து முதல் நூறு கிகாபைற்று வரை போகும். மாதப் பொதி ஒரே இரவில் தீர்ந்துவிடும். முதலில் தயார்நிலைப் படிமக் கோப்புகளை மட்டும் எடுங்கள், அவை மெகாபைற்றுக் கணக்குத்தான். முறையாகச் செய்ய, இத்தகைய தரவைக் கையாளும் காசா மென்பொருள் வேண்டும். அது லினக்ஸ், மக் கணினிகளுக்கானது. விண்டோஸில் நேரடியாக ஓடாது, உள்ளே ஒரு லினக்ஸ் சூழலை நிறுவித்தான் ஓட்ட வேண்டும்.

முதற் சிக்கல் தலையீட்டுமானியின், அதாவது பல அன்ரெனாக்களின் சைகைகளை இணைத்துப் பார்க்கும் கருவியின், இயல்பிலேயே இருக்கிறது. இரண்டு அன்ரெனாக்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரம் எதுவோ, அதுதான் பார்க்கக்கூடிய மிகப் பெரிய உருவைத் தீர்மானிக்கும். 3 மில்லிமீற்றர் அலைநீளத்தில் 15 மீற்றர் அடித்தூரம் இருந்தால் ஏறத்தாழ 25 விகலைக்கு (ஒரு விகலை பாகையில் 3,600 இல் ஒரு பங்கு) மேல் பரந்த எதுவும் வடிகட்டப்பட்டுப் போய்விடும். 7 மீற்றர்த் தட்டுகள் கொண்ட சிறு வரிசையில் 9 மீற்றர் வரை நெருங்கலாம், அப்போது 40 விகலை. இந்தக் கொத்தின் 3 இலட்சம் ஒளியாண்டு நடுப்பகுதி வானில் ஏறத்தாழ 15 விகலை. ஆகவே நடுப்பகுதி அகப்படும், அதைச் சுற்றிய பரந்த வாயு பாதி தெரிந்தும் தெரியாமலும் போகும். படிமத்தில் குழி முடியும் இடத்தில் வாயுவும் முடிகிறது என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, குழிக்குள்ளேயே ஒளிரும் மூலங்கள். 30 தூசி மண்டலங்களும் 3 வானொலி மூலங்களும் அதே 15 விகலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் ஒளி நேர்க்குறி, குழி எதிர்க்குறி. கழிக்காமல் விட்டால் குழி நிரம்பிச் சக்தி குறைவாக வரும். அதிகமாகக் கழித்தால் இல்லாத குழி தோன்றும். நடைமுறையில் செய்வது இது: நீண்ட அடித்தூரங்கள் பரந்த குழியைப் பார்க்காது, புள்ளி மூலங்களை மட்டும் பார்க்கும். அந்த அடித்தூரங்களில் இருந்து புள்ளிகளின் இடத்தையும் பாயத்தையும் எடுத்து, பிறகு குறுகிய அடித்தூரத் தரவில் இருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவதைப் படிமமாக்கி அளப்பதைவிட, படிமமாக்கும் முன்னரே, அன்ரெனாச் சோடிகளின் மூல அளவீடுகளிலேயே மாதிரியைப் பொருத்துவது நல்லது. படிமத்தைத் தெளிவாக்கும் வழமையான துப்புரவு நிரல் புள்ளி மூலங்களுக்காக எழுதப்பட்டது. பரந்த எதிர்க்குறிக் குழியைத் துண்டு துண்டாகக் கடித்து வைக்கும்.

மூன்றாவது பொறி அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. காபனோரொட்சைட்டு வாயுவின் 461.04 கிகாஹேர்ட்ஸ் நிறமாலைக் கோடு, செம்பெயர்ச்சியால் 5.3 ஆல் வகுபட்டு ஏறத்தாழ 87 கிகாஹேர்ட்ஸில் வந்து விழும், 576.27 கோடு ஏறத்தாழ 109 இல் விழும். இரண்டுமே குழியைத் தேடும் அதே பட்டைக்குள். மூலக்கூற்று வாயு நிறைந்த கொத்தில் இந்தக் கோடுகள் வலிமையானவை. அந்த அலைவரிசைகளைக் கொடியிட்டு நீக்காமல் தொடர் ஒளியைச் சராசரி எடுத்தால், குழியின் ஒரு பகுதி சத்தமில்லாமல் நிரம்பிவிடும்.

கடைசியாக, வாயு மொத்தமாக நம்மை விட்டு ஓடினாலும் குழி விழும். அது வெப்பத்தால் வந்த குழி அல்ல, இயக்கத்தால் வந்தது. 217 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே வெப்பக் குழி மேடாக மாறும், இயக்கக் குழி குழியாகவே இருக்கும். இரண்டையும் பிரிக்க மேல் மீடிறன் அளவீடு வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் தூசியின் ஒளி பயங்கரமாக ஏறிவிடும் என்பதால் அது சொல்வதைப்போலச் சுலபமில்லை.

சக்திக் கணக்கு

முதலில் ஈர்ப்பு. மண்டலங்கள் ஓடும் வேகச்சிதறல் (வேகங்கள் சராசரியில் இருந்து விலகும் அளவு) ஏறத்தாழ 400 கிலோமீற்றர்/விநாடி. அதிலிருந்து வரும் மொத்தத் திணிவு 10¹³ சூரியத் திணிவு அளவு. அப்படியொரு கரும்பொருள் உறைக்குள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளின் திரளுக்குள்) விழுந்து அடங்கும் வாயு செம்பெயர்ச்சி 4.3 இல் ஒரு கோடி கெல்வினைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

திணிவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமா? நியாயமான கேள்வி, சோதிக்கவும் இலகு. வெப்பசக்தி திணிவின் 5/3 ஆம் அடுக்கில் ஏறும். சக்தி பத்து மடங்காக வேண்டுமானால் திணிவு 4 மடங்கு வேண்டும். திணிவு 4 மடங்கானால் வேகச்சிதறல் அதன் கனமூலம், 1.6 மடங்கு, அதாவது 640 கிலோமீற்றர்/விநாடி. மண்டலங்களின் ஓட்டம் பெரும்பாலும் நமக்குக் குறுக்காக அமைந்து, நம் பக்கக் கூறு தற்செயலாகச் சிறுத்தால் ஒழிய அந்த இடைவெளியை மறைக்க முடியாது.

அடுத்தது சூப்பர்நோவா. ஆண்டுக்கு 5,000 சூரியத் திணிவு விண்மீன்கள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சூரியத் திணிவுக்கு ஒரு வெடிப்பு என்றால் ஆண்டுக்கு 50 வெடிப்பு. ஒவ்வொன்றும் 10⁴⁴ யூல். இதே வேகம் 10 கோடி ஆண்டு நீடித்தால் மொத்தம் 5 × 10⁵³ யூல். ஒரு துளியும் வீணாகாமல் எல்லாம் சூடான வாயுவுக்கே போனாலும் தேவையில் பாதி. உண்மையில் வெடிப்பு நிகழ்வது அடர்ந்த குளிர் வாயுவுக்குள். சக்தியின் பெரும்பகுதி அங்கேயே ஒளியாகக் கசிந்துவிடும். பத்தில் ஒன்று தப்பி வெளியே வந்தால் அதுவே தாராளம்.

இனிக் கருந்துளை. விழும் பொருளின் ஓய்வுச் சக்தியில் 10 சதவீதம் வெளியே வரும் என்பது வழமையான எடுகோள். 10⁵⁴ யூலுக்கு அப்படி விழ வேண்டிய திணிவு 5.6 கோடி சூரியத் திணிவு. 10 கோடி ஆண்டில் என்றால் ஆண்டுக்கு அரைச் சூரியனுக்குச் சற்று மேல், அதுவும் மூன்று கருந்துளைகளுக்கும் சேர்த்து. ஒவ்வொன்றின் தாரையும் (கருந்துளைக்கு அருகிலிருந்து வேகமாகப் பீறிடும் துணிக்கை ஓட்டம்) 10³⁸ வாற்று வலுவில் ஓடினால் போதும். பெரிய வானொலி மண்டலங்களின் தாரைகளுக்கு இது அசாதாரணமான வலு அல்ல. எம்எஸ்0735 என்ற, இதைவிட நமக்கு நெருங்கிய கொத்தில் ஒரே கருந்துளை ஊதிய குமிழிகளின் சக்தி 6 × 10⁵⁴ யூல் அளவு என்று 2005 இலேயே கணிக்கப்பட்டது. ஆகவே கையிருப்பில் குறை இல்லை.

கணக்கு கருந்துளையைக் காட்டுகிறது என்பதை ஏற்கலாம். ஆனால் இது மற்றவர்களை நீக்கி எடுத்த முடிவு. தாரை வாயுவைத் தள்ளும் அடையாளம் இந்தக் கொத்தில் இன்னும் படம்பிடிக்கப்படவில்லை. அந்த அடையாளம் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

சூடாக்கும் வேலை நடக்கும் விதம்: பெர்சியஸ்

24 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் உள்ள பெர்சியஸ் கொத்துதான் பாடம். திருகோணமலையில் இருந்து வடவானில், ஏறத்தாழ 57 பாகை உயரம் வரை ஏறும். அதன் நடு மண்டலம் என்ஜிசி1275. அங்கிருந்து கிளம்பிய தாரைகள் இருபுறமும் குமிழிகளை ஊதியிருப்பதை 1993 இல் ரோசாற் செய்மதி காட்டியது. 2003 இல் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, குமிழிகளைச் சுற்றி வட்ட வட்டமாக ஒலியலைகள் பரவுவதைக் காட்டியது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு.

ஒரு குமிழியை ஊத எவ்வளவு சக்தி வேண்டும்? சுற்றியுள்ள வாயுவை விலக்கச் செய்த வேலை அமுக்கம் × கனவளவு. உள்ளே நிரம்பிய துணிக்கைகள் ஒளிவேகத்தை ஒட்டி ஓடுவதால் அவற்றின் அகச்சக்தி அதைப்போல மூன்று மடங்கு. மொத்தம் அமுக்கம் × கனவளவைப் போல 4 மடங்கு. பாடத்தில் வரும் சாதாரண ஓரணு வாயுவாக இருந்தால் இது 2.5 ஆகியிருக்கும், விடைத்தாளில் அதைப் போட்டுவிடாதீர்கள். ஆரை 23,000 ஒளியாண்டு, அமுக்கம் 2.4 × 10⁻¹¹ பாஸ்கல் என்று எடுத்தால் ஒரு குமிழிக்கு ஏறத்தாழ 4 × 10⁵¹ யூல் வரும். எஸ்பிரி2349-56 இன் கணக்கைத் தீர்க்க இப்படி 250 குமிழி வேண்டும்.

ஊதிய குமிழி மேலே மிதந்து ஏறும். ஏறும்போது பக்கத்து வாயுவைக் கலக்கும், அடியிலுள்ள குளிர்ந்த வாயுவை இழுத்துக்கொண்டு போகும். சக்தி வாயுவுக்குள் எந்த வழியால் இறுதியாக இறங்குகிறது என்பதில் சண்டை ஓயவில்லை: மெல்லிய அதிர்ச்சியலை, ஒலியலை, கொந்தளிப்பு என மூன்று கட்சி. 2016 இல் ஹிற்றோமி செய்மதி பெர்சியஸ் நடுவில் கொந்தளிப்பு வேகம் 164 கிலோமீற்றர்/விநாடி என்று அளந்தது. அமைதியாகத்தான் இருக்கிறது, கொந்தளிப்பின் அமுக்கம் வெப்ப அமுக்கத்தில் 4 சதவீதம்.

பெர்சியஸ் போன்ற முதிர்ந்த கொத்தில் இது தானாகச் சீராகும். வாயு குளிர்ந்தால் கருந்துளைக்கு இரை விழும், தாரை எழும், வாயு சூடாகும், இரை நின்றுபோகும். சோற்றுப்பானை பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்து பொங்கல் அடங்குவது மாதிரி. இந்தச் சீராக்கம் இல்லாவிட்டால், அடர்ந்த நடுப்பகுதியின் வாயு சில நூறு மில்லியன் ஆண்டில் குளிர்ந்து, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியத் திணிவாக உள்ளே கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டும் வாயுவின் நிறமாலைக் கோடுகளை 2001 இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தேடியது. எதிர்பார்த்த வலிமையில் அவை இல்லை.

எஸ்பிரி2349-56 இல் அந்த அடக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. அங்கே கருந்துளை தின்பது மண்டலங்களுக்குள் கிடக்கும் குளிர்ந்த மூலக்கூற்று வாயுவை. சூடாவது வெளியே உள்ள மெல்லிய வாயு. வெளி வாயு எவ்வளவு சூடானாலும் உள் இரை உடனே குறையாது. தாரை ஓடிக்கொண்டே இருக்கும். மிகைச்சூடு என்று குழு சொல்வதை இப்படிப் புரிந்துகொண்டால் முரண் பெருமளவு தணிகிறது.

நேரம் இடித்துக்கொள்ளும் இடம்

ஒரு தடை இருக்கிறது. வாயு 6 கோடி கெல்வின் என்று வைத்தால் அதில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர்/விநாடி. 3 இலட்சம் ஒளியாண்டைக் கடக்க 8 கோடி ஆண்டு ஆகும். தாரைகள் அதைவிட இளமையானவை என்றால் வெப்பம் இவ்வளவு பரவியிருக்க முடியாது. அதிர்ச்சியலை ஒலியை முந்தி ஓடியிருக்க வேண்டும், அல்லது முன்னைய தாரைகள் பல முறை எழுந்து அணைந்திருக்க வேண்டும்.

இன்னொரு விளைவும் உண்டு. பிணைக்கும் ஈர்ப்புக்கு மிஞ்சிய சக்தி உள்ள வாயு அடங்கி இருக்காது, விரியும். நாம் பார்ப்பது ஓய்ந்த நிலையை அல்ல. ஆகவே முதிர்ந்த கொத்துகளுக்குப் பயன்படும், அமுக்கம் ஈர்ப்பைச் சமன்செய்கிறது என்று கொள்ளும் நீர்நிலையியற் சமநிலைச் சமன்பாட்டில் இந்தக் குழியைப் போட்டுத் திணிவு எடுப்பது பிழை; விடை நம்பக்கூடிய இலக்கமாகத்தான் வரும், அதுதான் ஆபத்து. குழி இலத்திரன் அமுக்கத்தை மட்டுமே தருகிறது என்பதும் இங்கே வந்து நிற்கும். மொத்த அமுக்கத்துக்கு ஏறத்தாழ 1.9 ஆல் பெருக்குவோம், அயன்களும் இலத்திரன்களும் ஒரே வெப்பநிலையில் உள்ளன என்ற நம்பிக்கையில். புதிதாக அதிர்ச்சியலை கடந்த வாயுவில் அயன் முதலில் சூடாகும், இலத்திரன் பின்தங்கும். அப்படியானால் 10⁵⁴ என்பதும் குறைந்த மதிப்பீடே.

இளமையில் ஏறிய வெப்பம் பின்னும் தங்கும். வெப்பநிலையை அடர்த்தியின் 2/3 ஆம் அடுக்கால் வகுத்து வரும் எந்திரப்பி அளவு, வாயு மெல்லியதாக இருக்கும்போது சூடாக்கினால் அதிகமாக ஏறும். ஒளியாகக் கசிந்தால் ஒழிய இறங்காது. இன்றைய சிறு கொத்துகளின் நடுவில் ஈர்ப்பால் விளக்க முடியாத எந்திரப்பி மிகை இருப்பது 1999 முதல் தெரிந்த விடயம்; முன்சூடாக்கல் நடந்திருக்க வேண்டும் என்று அப்போதே வாதிட்டார்கள். அந்த முன்சூடாக்கல் நடந்துகொண்டிருக்கும்போதே அகப்பட்ட நிகழ்வாக எஸ்பிரி2349-56 இருக்கலாம்.

ஒப்பீட்டுக்குச் சிலந்திவலை

செம்பெயர்ச்சி 2.16 இல் உள்ள சிலந்திவலை இளங்கொத்தில் அல்மா குழியைக் கண்ட செய்தி 2023 இல் நேச்சரில் வந்தது. அங்கே திணிவு 3 × 10¹³ சூரியத் திணிவு அளவு. அதற்குச் சந்திராவின் நீண்ட அவதானிப்பும் உண்டு, 7 இலட்சம் விநாடி, எட்டு நாள். அந்த எக்ஸ் கதிரில் ஒரு கலப்படம்: தாரையின் வேக இலத்திரன்கள் நுண்ணலைப் பின்னணியின் போட்டன்களையே உதைத்து எக்ஸ் கதிராக்கும். பின்னணியின் சக்தியடர்த்தி செம்பெயர்ச்சி 2.16 இல் இன்றையதைப் போல 100 மடங்கு, 4.3 இல் 790 மடங்கு. ஆகவே எஸ்பிரி2349-56 ஐ எக்ஸ் கதிரில் பார்த்து ஒளிர்வு தெரிந்தால், அது சூடான வாயுவா தாரையின் மிச்சமா என்பதை வானொலி வரைபடத்தோடு மேல்வைத்துப் பார்க்காமல் எழுதக் கூடாது. தாரையின் அச்சு வழியே நீண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும்; குழியின் வடிவத்தோடு ஒத்துப்போனால் வாயு.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புபவர்கள் சூப்பர்நோவாக் கணக்கில் இருந்து தொடங்குங்கள். கால அளவை 5 கோடி, 10 கோடி, 20 கோடி ஆண்டு என மாற்றி, தப்பிவரும் பங்கை 5, 10, 30 சதவீதம் என மாற்றி, ஒன்பது விடைகளையும் ஒரு அட்டவணையில் போடுங்கள். மிகப் பெரிய விடை 3 × 10⁵³ யூல் வரும். கருந்துளைப் பக்கத்துக்கும் அதே அட்டவணையைப் போட வேண்டும்: விழும் திணிவு ஆண்டுக்கு 0.1, 0.5, 2 சூரியத் திணிவு. தாரையாக மாறும் பங்கு 1, 5, 10 சதவீதம். காலம் 10 கோடி ஆண்டு. அங்கே இரண்டு கட்டங்கள் 10⁵⁴ ஐத் தெளிவாகத் தாண்டும், ஒன்று மயிரிழையில் தவறும், ஆறு வெகுவாகக் கீழே நிற்கும்.